பதினோரு பாட்டில், ஒரே வயிறு

அந்தப் பையில் ஒரு மணப்பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அரக்குப் பட்டு, நெற்றிச்சுட்டி, முழங்கைவரை மருதாணி. தியாகராய நகரில் பட்டு எடுத்தால் கொடுப்பார்களே, அந்தக் கட்டைப்பை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் அதைக் கொண்டுவந்து எங்கள் லேப் மேஜைமேல் வைத்தார். வைத்த கையை முந்தானையில் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"சரிபாத்துக்கிடுங்க தம்பி. பதினொண்ணு இருக்கு."

"என்னது பதினொண்ணு?"

அவர் திரும்பிப் பார்த்தார். சர்க்கரைப் பரிசோதனைக்கு வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். குரலைத் தாழ்த்தினார்.

"அதான் தம்பி. பிள்ளையளோடது."

பையை விரித்துப் பார்த்தேன். சிவப்பு மூடி போட்ட சின்னச் சின்ன பிளாஸ்டிக் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும், சேலைக்கு விலை ஒட்டுகிற சீட்டில் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. இசக்கியம்மாள், முத்துச்செல்வி, பொன்மணி, வேலம்மாள். எல்லாம் தெற்கத்திப் பெயர்கள்.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த மழைக்காலம் அது. எந்த வருடம் என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. லேப் வேலையில் எல்லா மழைக்காலமும் ஒரே முகத்தோடுதான் வரும். சேர்ந்தாற்போல நாலு நாள் பெய்துவிட்டால் சாக்கடைத் தண்ணீரும் குடிதண்ணீரும் மண்ணுக்கடியில் எங்கேயோ கை கோத்துக்கொள்ளும். பிறகு மந்தைவெளியிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் பாட்டில்கள் வரத் தொடங்கும். நான் தேனாம்பேட்டையில், அண்ணா சாலையை விட்டு உள்ளே தள்ளிய ஒரு தெருவில், மருந்துக்கடையின் மாடியில் இருந்த சின்ன லேபில் டெக்னீஷியன். காலையில் ஊசி, மத்தியானம்வரை மைக்ராஸ்கோப், அப்புறம் ரிப்போர்ட் அடிப்பது. அந்த மாதம் முழுக்க இடுப்பு என்னுடையதாகவே இல்லை.

அந்த அம்மாளின் பெயர் சரோஜா. ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பெண்கள் விடுதிக்குப் பொறுப்பு. கடையில் சேலை பிரித்துக் காட்டுகிற பெண்கள் எல்லாம் அந்த விடுதியில்தான் தங்கியிருந்தார்கள். அதில் பதினோரு பேருக்கு வயிற்றுப்போக்கு.

"மேனேஜர் அண்ணாச்சி எல்லாத்துக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்லிட்டாவ. நாளைக்கே ரிப்போர்ட் வேணுமாம்."

"எடுத்து என்ன பண்ணுவாங்க?"

"கெட்ட ரிப்போர்ட் வந்தவள ஊருக்கு பஸ் ஏத்திருவாவ. நல்ல ரிப்போர்ட் வந்தவ நிக்கலாம். பண்டிகை நேரம் பாருங்க."

கெட்ட ரிப்போர்ட், நல்ல ரிப்போர்ட் என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. எதற்காகப் பரிசோதனை செய்கிறோம், மருந்து கொடுக்கவா, ஆளை அனுப்பவா என்று கேட்டிருக்கலாம். கேட்கிற தெம்பு இல்லை. வாங்கி வைத்துக்கொண்டேன்.

வீட்டில் சொல்லாத வேலை

போன இதழில் நான் ரத்தம் எடுக்கக் கற்றுக்கொண்ட கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார், "லேபில் ரத்தம் மட்டும்தான் வருமா?" என்று. அவருக்கு இந்த வாரம் பதில்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அதற்குமேல் லேப் டெக்னீஷியன் டிப்ளமா வேறு. வெள்ளைக் கோட்டோடு எடுத்த போட்டோ இன்னும் எங்கள் வீட்டு டிவி மேல் இருக்கிறது. அம்மா தெருவில் எல்லோரிடமும் "என் புள்ள ரத்தம் டெஸ்ட் பண்றான்" என்பாள். ரத்தத்தோடு நிறுத்திக்கொள்வாள். ரத்தத்துக்கு ஒரு கௌரவம் இருக்கிறது. மற்றதற்கு இல்லை.

என் அப்பா, எங்கள் வீட்டு வழக்கில் நைனா, அப்படி மறைக்கிற ஆள் இல்லை. அவர் கழிவுநீர் லாரியில் வேலை பார்த்தவர். அடைத்துக்கொண்ட சாக்கடையைக் குழாய் விட்டு உறிஞ்சுகிற லாரி. மயிலாப்பூர் மாட வீதிகளில் எந்த மூடிக்குக் கீழே என்ன போகிறது என்று தெரிந்துவைத்திருப்பார். வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே குளித்து, பவுடர் அள்ளிப் போட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நைனாவின் வாசனை அந்த மல்லிகைப் பவுடர்தான்.

லேபில் சேர்ந்த புதிதில் ஒருநாள், சாப்பிடும்போது கேட்டார்.

"இன்னாடா, இன்னிக்கு இன்னா பாத்த?"

நான் சொன்னேன். அம்மா தட்டை நகர்த்தி வைத்தாள். நைனா சிரித்தார் பாருங்கள், புரையேறுகிற வரைக்கும் சிரித்தார்.

"அடப்பாவி. நா லாரில வாரிக்கினு போறத நீ கண்ணாடி வச்சி பாக்குற. இதுக்காடா உன்ன படிக்க வச்சேன்?"

"நீ வாருறதுல இன்னா நோவு கீதுன்னு சொல்லத் தெரியுமா உனக்கு?"

"தெரியாது. அதான் உனுக்கு ஏசி ரூமு, எனுக்கு ரோடு" என்று சொல்லி என் தட்டில் ஒரு கரண்டி குழம்பை ஊற்றினார்.

இந்தப் பொருளுக்கு ஊரில் எத்தனை பெயர்கள் என்பது லேபுக்கு வந்தால்தான் தெரியும். மோஷன், ரெண்டாவது, வெளிக்கு, கொல்லைக்கு, "அது". மயிலாப்பூரிலிருந்து வரும் ஒரு மாமா ஒவ்வொரு முறையும் மிட்டாய்க்கடை டப்பாவில் வைத்து, செய்தித்தாள் சுற்றி, ரிப்பன் கட்டாத குறையாகக் கொண்டுவருவார். பெசன்ட் நகரிலிருந்து வந்த ஒரு பாட்டிலைத் திறந்தால் டெட்டால் வாசனை. சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்று கழுவி, டெட்டாலும் விட்டிருக்கிறார்கள். அதில் எந்தக் கிருமியை நான் வளர்ப்பது? கூச்சமும் சுத்தமும் சேர்ந்தால் நோயைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் அந்த ஜவுளிக்கடைப் பெண்கள் செய்ததை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

கறுப்பு

வயிற்றுப்போக்குக்காக வரும் மலத்தைக் கண்ணால் பார்ப்பதே பாதிப் பரிசோதனை. கழுநீர் மாதிரி இருந்தால் ஒரு சந்தேகம். சளியும் ரத்தமுமாக இருந்தால் வேறு சந்தேகம். பேதியாகிறவரின் மலம் பாட்டிலின் வடிவத்துக்கு வந்துவிடும். நல்ல வயிற்றுக்காரருடையது தன் வடிவத்தை விட்டுக்கொடுக்காது.

முதல் பாட்டிலைத் திறந்தேன். கெட்டியாக இருந்தது. சரியாகிவிட்டது போல, நல்லது என்று அடுத்ததை எடுத்தேன். அதுவும் கெட்டி. அடுத்ததும். எல்லாமே தார் போட்ட மாதிரி கறுப்பு.

கறுப்பு என்றால் முதலில் பயம் வரும். வயிற்றுக்குள் மேலே எங்கேயாவது ரத்தம் கசிந்தால் மலம் கறுக்கும். அதைச் சோதித்துப் பார்த்தேன், அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. ரத்தசோகைக்குச் சாப்பிடுகிற இரும்பு மாத்திரை. பதினோரு பேருமா சாப்பிடுகிறார்கள்?

உப்புக்கரைசலில் ஒரு ஸ்லைடு, அயோடினில் ஒரு ஸ்லைடு. மைக்ராஸ்கோப்பில் குனிந்தேன். முதல் பாட்டிலில் கொக்கிப்புழுவின் முட்டைகள். மெல்லிய கண்ணாடி ஓடு, உள்ளே நாலைந்து உருண்டைகள் நெருங்கி உட்கார்ந்திருக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். இரண்டாவதிலும் அதே முட்டை. கடைசிப் பாட்டில்வரை அதே முட்டை. ஒருத்தியிடம்கூடப் பேதி இல்லை. ஒரே ஊர்ப்பக்கம், ஒரே சாப்பாடு, அதனால் இருக்கலாம் என்று கொஞ்சநேரம் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். நிற்கவில்லை.

சரோஜா கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, உங்க புள்ளைங்கள்ல அயர்ன் மாத்திரை சாப்பிடறது யாரு?"

"முத்துச்செல்விதான். சோகை புடிச்சவ கணக்கா இருக்கான்னு நான்தான் வாங்கிக் குடுத்தேன். ஏன் தம்பி?"

"வேற யாரும் சாப்பிடலையா?"

"இல்லையே."

"அப்போ பதினோரு பாட்டில்லயும் இருக்கறது முத்துச்செல்வியோடதுக்கா."

பின்னணியில் குழாயில் தண்ணீர் விழும் சத்தம், யாரோ "ஏட்டி, வாளிய எடு" என்று கத்துவது, எல்லாம் கேட்டது.

"தம்பி" என்றார் கடைசியில். "அவ ஒருத்திக்குத்தான் போக்கு நின்னு வயிறு நல்லாருக்கு. நல்ல பிள்ளையோடத வச்சா எல்லாத்துக்கும் நல்ல ரிப்போர்ட்டா வருமின்னு நெனச்சோம். அவ பாவம், விடியக்காலம் எந்திச்சு, ரெண்டு வாழப்பழம் தின்னுட்டு, எல்லாத்துக்காவயும் போயிட்டு வந்தா. ஐஸ்கிரீம் குச்சி வச்சுப் பங்கு போட்டோம்."

"யாரோட யோசனைக்கா இது?"

"ஏன், போலீஸ்ல சொல்லப் போறீயளா?" என்றார். பிறகு, "எனக்குத்தான் தோணிச்சு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அதே சமயம் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. பரீட்சை என்று நினைத்திருக்கிறார்கள். நன்றாகப் படிக்கிற பெண்ணின் விடைத்தாளைப் பத்துப் பேரும் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பாவம், நன்றாகப் படிக்கிறவள் வயிற்றிலும் புழு. புழு அவள் ரத்தத்தைக் குடிக்க, இவர்கள் மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"சரி, அத விடுங்க. ரத்தமா போற பொண்ணு யாராவது இருக்காளா?"

"இசக்கி" என்றார் சரோஜா. "கொள்ள நாளா போகுது. வெளிய சொல்ல மாட்டேங்கா. மெடிக்கல்ல பேதி நிக்க மாத்திர வாங்கிப் போட்டுக்கிட்டு டூட்டி பாக்கா."

அந்த மாத்திரைதான் எனக்குப் பயம் தந்தது. அது குடலின் ஓட்டத்தைக் கட்டிப்போடும், நோயை ஒன்றும் செய்யாது. சாதாரணப் பேதிக்குப் பரவாயில்லை. ரத்தம் போகிறபோது அதைப் போடுவது, வீட்டுக்குள் திருடனை வைத்து வெளியே பூட்டுகிற மாதிரி. உள்ளே புண் பெரிதாகிக்கொண்டே போகும். குடல் ஓட்டையாகி ஆளே போனதும் உண்டு.

என்ன எழுதுவது

எங்கள் லேபின் டாக்டர் அம்மா மயிலாப்பூர்க்காரர். முழங்கால் வலியோடு படியேறி வந்து, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவார். பதினோரு பாட்டிலையும் அவர்முன் வரிசையாக வைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"குச்சியால பங்கு போட்டாளா? அடக் கடவுளே" என்று கண்ணாடியைக் கழற்றினார். "நான் சர்வீஸ்ல எத்தனையோ பாத்துட்டேன்டா பாபு, இது ஒண்ணுதான் பாக்கி இருந்தது."

"ஒரே ஆளோடதுன்னு எழுதுனா அத்தன பேரையும் ஏமாத்துனாங்கன்னு தொரத்திடுவாங்க மேடம். புழு இருக்குன்னு எல்லார் பேர்லயும் எழுதுனா அது பொய்."

"அப்போ என்ன பண்றதா இருக்க?"

"பேதிக்குன்னு அனுப்பியிருக்காங்க. வந்தது எல்லாம் கெட்டி. சோதனைக்குத் தகுதியில்லை, நோயாளி நேரில் வந்து புதுசா கொடுக்கணும்னு எழுதறேன். குடிதண்ணியையும் சோதிக்கணும்னு கீழ சேத்துடறேன்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "அது நிஜம்தானே. அடிச்சிண்டு வா, போட்டுத் தரேன்."

மறுநாளே கடை மேனேஜர் போன் செய்தார். கோபமெல்லாம் இல்லை. அன்பாகத்தான் பேசினார்.

"தம்பி, தண்ணிய யாரு கேட்டா? பதினோரு ரிப்போர்ட்டும் திரும்பி வந்துட்டே."

"பேதியாகிற பொண்ணுங்கள நேர்ல அனுப்புங்க சார். எதனால போகுதுன்னு சொல்லிடறேன்."

"இந்தக் கூட்டத்துல எங்க தம்பி நேர்ல அனுப்ப? நார்மல்னு ஒரு வார்த்த போட்டுக் குடுத்தீயன்னா எல்லாருக்கும் நல்லது."

"பாக்காம போட முடியாது சார்."

"சரி, பாத்துக்கிடுதேன்" என்று வைத்துவிட்டார். எதைப் பார்த்துக்கொள்வார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

சரோஜாவுக்கும் சொல்லிவைத்திருந்தேன். இசக்கியை எப்படியாவது கடை திறக்கும் முன் அனுப்புங்கள். அந்த மாத்திரையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பாட்டிலில் கொண்டுவர வேண்டாம், லேப் பாத்ரூமில் வைத்தே கொடுக்கட்டும். ஏனென்றால் என் சந்தேகம் அமீபாவின் மேல். அது உயிரோடு ஊர்வதைப் பார்த்தால்தான் உறுதி. வெளியே வந்து சூடு ஆறினால் சுருண்டு செத்துவிடும். தியாகராய நகர் நெரிசலில் ஒரு பாட்டில் தேனாம்பேட்டை வந்து சேர்வதற்குள் அதன் கதை முடிந்திருக்கும்.

ஊர்கோலம்

இரண்டு பெண்கள் வந்தார்கள். இருவருக்கும் கடையின் ஊதாச் சீருடைச் சேலை, ஒரே மாதிரி கொண்டை. ஒருத்தி மற்றவளின் தோளைப் பிடித்துப் படியேற்றிக் கொண்டுவந்தாள். பிடித்திருந்தவள் முத்துச்செல்வி.

"நீங்கதான் ஆளக் கண்டுபிடிச்ச அண்ணனா? என்னோடதுன்னு எப்படிண்ணே தெரிஞ்சுச்சு?"

"கறுப்பா இருந்துச்சு."

"ஐயே!" என்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். இசக்கி சிரித்தாள். சிரித்தவள் அப்படியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. உதட்டில் சாயம் பூசியிருந்தாள், கடை விதி. அந்தச் சாயத்துக்குச் சுற்றிலும் முகம் வெளிறிக் கிடந்தது.

"மாத்திரைய நிறுத்தியாச்சா?"

"நேத்தே நிறுத்திட்டேண்ணே. செத்துப் போனேன். பாத்ரூம் போவ சூப்பர்வைசர்ட்ட டோக்கன் கேக்கணும். கஸ்டமர் முன்னால இருக்கையில எப்படிக் கேக்க? மயில்கழுத்துக் கலர்ல காட்டுங்கிறாவ, எனக்குக் கண்ணுல எல்லாக் கலரும் ஒண்ணாத் தெரியுது."

"இத்தனை நாள் ஏன்மா சொல்லல?"

"சொன்னா ஊருக்கு அனுப்பிருவாவ. பண்டிகைக்கு முந்திப் போனவள திரும்ப எடுக்க மாட்டாவ. ஊர்ல போனா தீப்பெட்டி ஆபீஸ் வேலதான். எனக்கு அந்த மருந்து வாடை ஒத்துக்கிடாதுண்ணே, இழுப்பு வந்துரும். அங்க போறதுக்கு இங்க நின்னே செத்துரலாம்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். முத்துச்செல்வி அவள் முதுகில் ஓர் அடி வைத்தாள். "வாய மூடு மூதி. போயிட்டு வா முதல்ல."

கிடைத்தது கொஞ்சம்தான். சளி, ரத்தம், அழுகல் நாற்றம். உப்புக்கரைசலை முன்னமே வெதுவெதுப்பாக வைத்திருந்தேன். ஸ்லைடை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு குனிந்தேன்.

பலரும் ஏமாறுகிற இடம் இதுதான். ரத்த வெள்ளணுக்கள் உருண்டையாகக் கிடக்கும், பார்த்தால் அமீபா மாதிரியே இருக்கும். அவசரப்பட்டு எழுதிவிட்டால், கிருமி ஒன்று, மருந்து வேறு. வேறொரு கிருமியும் இதே போல ரத்தபேதி கொடுக்கும். அதற்கு இந்த மருந்து கேட்காது. அதனால் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டே இருந்தேன். உருண்டைகள் அசையவில்லை. இடம் மாற்றினேன். அங்கேயும் ஒன்றும் இல்லை. கழுத்து கடுத்தது. பின்னால் இரண்டு பெண்களும் மூச்சுவிடாமல் நிற்பது தெரிந்தது. சீக்கிரம் ஆறிக்கொண்டிருந்தது ஸ்லைடு.

பிறகு ஓர் ஓரத்தில், கண்ணாடி போன்ற ஒரு விரல் மெதுவாக நீண்டது. பின்னாலேயே முழு உடம்பும் அந்த விரலுக்குள் வழிந்து போயிற்று. மறுபடி ஒரு விரல். உள்ளே சிவப்பணுக்கள், விழுங்கிய கையோடு, தெளிவாகத் தெரிந்தன. அமீபாதான்.

இப்படி ஒன்றைப் பார்த்தால் ஒரு சந்தோஷம் வரும், வெட்கமாகக்கூட இருக்கும். ஒருத்தியின் குடலைத் தின்கிற பிராணியைப் பார்த்து எனக்கு நிம்மதி. காரணம் கிடைத்துவிட்டது. காரணம் கிடைத்தால் மருந்து இருக்கிறது.

"நான் பாக்கலாமாண்ணே?" என்றாள் இசக்கி.

ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். கொஞ்சநேரம் ஒன்றும் தெரியவில்லை என்றாள். ஸ்க்ரூவைத் திருகிக் கொடுத்தேன்.

"அந்தா போகுது." அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தச் சிவப்பு?"

"உன் ரத்தம்தான்மா."

நிமிராமலே சொன்னாள்: "ஏட்டி முத்து, இங்க வந்து பாரேன். நாமதான் காலு வீங்க ஒரே எடத்துல நிக்கோம். இது எம்புட்டு சொகுசா ஊர்கோலம் போகுது பாரு."

இருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். அது நிற்கிற வரைக்கும் பார்த்தார்கள்.

டாக்டர் அம்மா வந்து இசக்கியின் வயிற்றை அழுத்திப் பார்த்து, மருந்து எழுதிக் கொடுத்தார். காய்ச்சலோ தாங்காத வலியோ வந்தால் அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும், டோக்கனுக்கெல்லாம் நிற்கக் கூடாது என்றார். முத்துச்செல்விக்குப் புழு மாத்திரை. "எனக்கா? எனக்கு ஒண்ணுமே இல்லையே! நான்தான நல்ல ரிப்போர்ட்டு!" என்று அவள் சண்டைக்கு வந்தாள்.

"ஒரு வாரம் ரெஸ்ட் எடுத்துண்டா நல்லது" என்றார் டாக்டர்.

இசக்கி தலையை ஆட்டினாள். ரிப்போர்ட்டை அவள் பெயரில், தானாக வந்த நோயாளி என்று போட்டு அவள் கையிலேயே கொடுத்தேன். கடைக்கு அது போகவில்லை. அதை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். கைப்பையிலிருந்து உதட்டுச் சாயத்தை எடுத்து, எங்கள் கண்ணாடி அலமாரியில் முகம் பார்த்துப் பூசினாள். கடை திறக்க நேரமாகிவிட்டது.

நல்ல ரிப்போர்ட்

மேனேஜர் எதைப் பார்த்துக்கொண்டார் என்பது சரோஜா போன் செய்தபோது தெரிந்தது. வேறொரு லேபில் பதினோரு பாட்டில் கொடுத்தார்களாம். இந்த முறையும் முத்துச்செல்விதான். பதினோரு ரிப்போர்ட்டும் நார்மல் என்று வந்துவிட்டது.

"அவளுக்குப் புழு மாத்திரை குடுத்துட்டீயள்லா, அதான் சுத்தமா வந்துட்டு" என்றார் சரோஜா. குரலில் நன்றி இருந்தது.

"தண்ணித் தொட்டியக் கழுவுனாங்களா அக்கா?"

"ரிப்போர்ட் நல்லா வந்துட்டே தம்பி. இனி எதுக்குக் கழுவுவாவ?"

யாரையும் ஊருக்கு அனுப்பவில்லை. அதற்குச் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. உண்மையை எழுதி அனுப்பினேன். இன்னொரு லேபில் தெரியாமலே பொய் எழுதிக் கொடுத்தார்கள். பொய்தான் பத்துப் பேரின் வேலையைக் காப்பாற்றியது. உண்மை ஒருத்தியின் குடலைக் காப்பாற்றியிருக்கலாம், அதுவும் அவள் மாத்திரையை ஒழுங்காக முடித்திருந்தால். அன்று சாயங்காலம் அதற்குமேல் யோசிக்கவில்லை. மேஜையைத் துடைத்தேன், கையைக் கழுவினேன், பஸ் பிடித்தேன்.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை அம்மா அந்தக் கடையைப் பார்த்தே ஆக வேண்டும் என்றாள். விளம்பரத்தில் பார்த்தாளாம். நான் வேறு கடை சொன்னேன், கேட்கவில்லை. தோளோடு தோள் இடித்துக்கொண்டு உள்ளே போனோம். மூன்றாவது மாடியில் பூனம் சேலைப் பகுதி. வாடிக்கையாளர்களுக்கு ஸ்டூல். அந்தப் பக்கம் ஊதாச் சேலைப் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். நாங்கள் உட்கார்ந்த இடத்துக்கு எதிரே நின்றவள் இசக்கி.

என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது.

"வாங்கம்மா, என்ன கலர் பாக்கீங்க?"

"எனுக்குத் தோதா நீயே எட்து குடு கண்ணு" என்றாள் அம்மா.

ஒன்று, இரண்டு என்று பிரித்துப் போட்டாள். அவளுக்குப் பின்னால் சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். பச்சையில் ஒரு சேலையை எடுத்தாள். அதை முழுதாக உதறி, இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தாள். நானும் அம்மாவும் அவளும் மட்டும் அந்தப் பச்சைக்கு இந்தப் பக்கம்.

"நல்லாயிட்டுண்ணே. மாத்திர பூரா முடிச்சுட்டேன்" என்றாள், உதடு அசையாமல். "தொட்டி அப்படியேதான் கெடக்கு. பொன்மணிக்கும் வேலம்மாளுக்கும் ரத்தமா போகுது. பேதி மாத்திரைய நேத்தே நிறுத்த வச்சுட்டேன். நாளைக்குக் காலம்பற நானே ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாரேன். கடை தொறக்க முந்தி."

நாளை ஞாயிறு. லேப் விடுமுறை. சாவி என்னிடம்தான் இருந்தது.

"சரி, வாங்க" என்றேன்.

சேலையைத் தணித்தாள். "பார்டர் பாருங்கம்மா, தண்ணில போட்டா சாயம் போவாது."

அம்மா பார்டரைத் தடவிக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாடா சொல்லிச்சி அந்தப் பொண்ணு?"

"ஒண்ணுமில்லம்மா. காலைல சீக்கிரம் எழுப்பி வுடு."

"நாளைக்கு லீவுன்னியே?"

"ரெண்டு பேர் வராங்கம்மா" என்றேன்.